குரல் திரும்பிய பிறகு

பாலக்காட்டு மாவட்டத்தில், கோட்டாயியை அடுத்து, நெல்வயல்களும் பனைமரங்களும் சூழ்ந்த சிறு கிராமம் செம்பை. 1896-இல் பிறந்த, அவ்வூரைச் சேர்ந்த வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரல் கச்சேரி மேடைகளில் ஓங்கி ஒலித்தது. 1951-இல் சங்கீத கலாநிதி விருது அவரை அடைந்தது. அதன்பின் சிறிது காலத்திலேயே அந்தக் குரல் அறவே நின்றுபோயிற்று. பாட்டே வாழ்வாக இருந்தவருக்கு இதனினும் பெரிய சோதனை ஏது?

பாகவதர் குருவாயூரப்பனிடம் முறையிட்டார், மருத்துவமும் செய்துகொண்டார். (தெய்வத்தை நம்புகிறவன் மருந்தை நாடலாகாது என்று எண்ணுவோர் இன்றும் உளர். அவருக்கு அந்த மயக்கம் இருக்கவில்லை.) காலம் கடந்து குரல் மீண்டது. அது குருவாயூரப்பனின் அருளே என்றார்.

பலரும் வியந்து சொல்லும் பகுதி இத்துடன் முடிகிறது. சிந்திக்கத்தக்கதோ இதற்குப் பிற்பட்ட ஆண்டுகள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றதும் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறார்கள். காய்ச்சல் தணிந்ததும் அந்த முடிச்சு அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. துன்பத்தில் பிறந்த நம்பிக்கைக்குச் சுகமே பகையாகிறது. பாகவதரோ திரும்பி வந்த குரலைத் தமது உடைமையாகக் கருதவில்லை. எஞ்சிய இசைவாழ்வை அப்பனுக்கே உரியதாக்கினார். குருவாயூர் ஏகாதசிதோறும் அங்குச் சென்று பாடினார்.

அதே சந்நிதியில், பதினாறாம் நூற்றாண்டில், வாதநோயால் வருந்திய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி நாளுக்கு ஒரு தசகமாக நூறு நாட்களில் நாராயணீயத்தைப் பாடி முடித்தார் என்பது வழிவழிச் செய்தி. பத்தாம் நாளிலேயே வலி நீங்கியிருந்தால் பதினோராம் தசகம் பிறந்திருக்குமா? வலித்தாலும் தணிந்தாலும் அன்றைய பத்துச் சுலோகம் அன்றே என்ற அந்த அளவுதான் இல்லறத்தாருக்கும் எட்டக்கூடியது. அலுவலகம் முடிந்து களைத்து வந்தவர் அந்தியில் ஏற்றும் ஒரு விளக்கும், மனம் ஒட்டாத நாளிலும் விடாமல் சொல்லும் நாமமும் அவ்வகையினவே.

1974 அக்டோபர் 16 அன்று ஒற்றப்பாலம் பூழிக்குன்னு கிருஷ்ணன் கோயிலில் பாகவதர் பாடினார். அவருடைய முதல் கச்சேரி நடந்ததும் அங்கேயே என்பர். கருணை வேண்டும் இரயிம்மன் தம்பியின் கீர்த்தனையுடன் கச்சேரியை நிறைவு செய்த சற்று நேரத்தில் அவரது உயிர் பிரிந்தது. இன்றும் ஏகாதசியை ஒட்டிக் குருவாயூரில் செம்பை சங்கீத உற்சவம் நடைபெறுகிறது. அதற்கு முன்னதாக, அவர் மீட்டிய தம்புரா ஊர்வலமாகக் குருவாயூருக்கு எடுத்துச் செல்லப்படுகிறது.