பொம்மைக்குத் தைத்த குப்பாயம்

பழங்கால உடையைத் தைப்பவர் அக்காலத்தின் அநீதியையும் காட்டக் கடமைப்பட்டவரா? வெள்ளவத்தைப் புடைவைக் கடைகளிற் பெற்ற துண்டுத் துணிகளைக் கொண்டு, வளர்ந்த பெண்ணின் உடலமைப்புடைய பொம்மைகளுக்கு உடை தைக்கும்போது எனக்கு எழுந்த வினா இது.

ஆளளவில் ஆறிலொரு பங்கான பொம்மைக்கு உடையின் நீளத்தைக் குறுக்கலாம். துணியின் தடிப்பைக் குறுக்க முடியாது. வரலாற்றைச் சிறிதாக்கும்போதும் அவ்வாறு குறுக்கவியலாத ஒன்று உண்டு.

19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிதல் தடுக்கப்பட்டிருந்தது. நீண்ட போராட்டத்தின் பின், 1859இல் வெளியான அரச பிரகடனம் அத்தடையைத் தளர்த்தியது. ஆயினும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியலாகாது என்றது. அக்காலத்தைக் காட்டும் பொம்மை வரிசையில் அரண்மனைப் பட்டாடையை மட்டும் வைப்பது வரலாறாகுமா? ஒடுக்கப்பட்ட பெண்ணை மேலாடையின்றி நிறுத்தினால், அவளை மீண்டும் அவமதித்தவராவோம் என்பர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆனால், மூன்றாவது வழியொன்று உண்டு. எதிர்ப்புக்கு அஞ்சாது அப்பெண்கள் அணிந்த குப்பாயமும் வரலாறே. அதனையே தைப்போம், அதற்கு அவர்கள் கொடுத்த விலையை அருகில் எழுதிவைப்போம். அக்குறிப்பு இல்லையேல், பார்ப்பவருக்கு அது வெறும் சட்டையாகவே தோன்றும்.