திரும்பும் நாள் குறித்த பணி

தாய்நாட்டை விட்டு வேற்றுநாடு சென்று, ஏழை மக்களிடையே ஓராண்டோ ஈராண்டோ ஊதியமின்றிப் பணியாற்றுவது நற்செயல் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை. மறைபரப்பு ஞாயிறுகளில் அத்தகையோருக்காக மன்றாடுகிறோம், காணிக்கை தருகிறோம். ஆயினும் நாம் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. பிறர் ஊருக்குள் நுழைந்து அவர்தம் வாழ்வைச் சீர்படுத்தும் உரிமையை நமக்கு அளிப்பது எது? நல்லெண்ணம் ஒன்றே அதற்குப் போதுமா?

போதாது என்று முகத்தில் அறைந்தாற்போல் சொன்னவர் இவான் இல்லிச். அப்போது அவர் கத்தோலிக்கக் குரு. 1968-ஆம் ஆண்டு மெக்சிகோவின் குவர்னவாக்கா நகரில், சிற்றூர்களில் தொண்டாற்ற வந்திருந்த அமெரிக்க இளைஞரை நோக்கி, இந்நாட்டைக் காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்னும் பொருள்பட அவர் உரையாற்றினார். இது கடுமையான கூற்றே. இதனை முழுவதும் ஏற்க நம்மால் இயலவில்லை. அவர் வாதத்தின்படி நல்ல சமாரியனும் தன் வழியே போயிருக்க வேண்டும். எனினும் அவர் கோபத்தின் அடியில் மறுக்க முடியாத உண்மை ஒன்று கிடக்கிறது. உதவ வந்தவரிடம் திரும்பிச் செல்லும் பயணச்சீட்டு இருக்கிறது. ஊராரிடம் அது இல்லை. செய்த செயல் பிழைத்துப்போனால் அதன் விளைவைச் சுமப்பவர் வந்தவர் அல்லர்.

இதை நாம் மெக்சிகோவில் தேட வேண்டியதில்லை. திண்டுக்கல் சமவெளியில் செம்மண்ணை வெட்டினால் விரைவிலேயே பாறை தட்டும். இத்தகைய கடினப்பாறை நிலங்களில் ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு பொருத்தும் பணி, 1960-களின் இறுதியில் வெளிநாட்டு உதவியுடன் நாடெங்கும் பெருகியது. தொடக்கத்தில் பொருத்தப்பட்டவை வார்ப்பிரும்புப் பம்புகள். மேலைநாட்டுப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் நீர் இறைப்பதற்கென அமைந்த மாதிரியின் நகல்கள். இங்கோ விடியல் முதல் இரவு வரை ஊரே வரிசையில் நின்று அடித்தது. 1970-களின் நடுவில் கணக்கெடுத்தபோது அவற்றுள் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. பின்னரே நம் நாட்டுப் பட்டறைகளில் உருவான மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் துணையுடன் ‘இந்தியா மார்க் 2’ பம்பு வடிவமைக்கப்பட்டது. ஊரிலேயே ஒருவரைப் பழக்கிப் பம்பின் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கும் முறையும் வந்தது. முதலில் வந்தவர்களிடம் அன்பு இல்லாமல் இல்லை. இந்தப் பம்பை ஒரு நாளில் எத்தனை பேர் அடிப்பார்கள் என்று ஊர்ப் பெண்களிடம் கேட்க வேண்டும் என்பது எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. குடத்துடன் மறுபடியும் தொலைவு நடந்தவர்கள் அப்பெண்களே.

அப்படியானால் எவரும் செல்லாதிருப்பதே முறையா? நம் மாவட்டத்துடன் தொடர்புடைய இருவர் வாழ்வு வேறு விடை தருகிறது.

ரால்ப் ரிச்சர்ட் கெய்தான் அமெரிக்கர்; சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். 1925-இல் மதுரைப் பகுதிக்கு மறைப்பணியாளராக வந்தார். காந்தியடிகளின் இயக்கத்தோடு அவர் கொண்ட உறவு ஆட்சியாளருக்குப் பிடிக்கவில்லை. 1930-இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தார். 1944-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் மீண்டும் வந்தார். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கிய காலத்தில் அவர்களோடு இணைந்து உழைத்தார். நம் கருத்தைக் கவர்வது அவர் தங்கிய ஆண்டுகளின் நீளம் மட்டும் அன்று. அவரோடு பழகிய இளைஞருள் ஒருவரான ச. ஜெகந்நாதனே பின்னாளில் தமிழகத்துப் பூதான இயக்கத்தை முன்னின்று நடத்தினார். வழிகாட்டியாயிருந்த கெய்தான் துணைவராய்ப் பின்னால் நடந்தார். முன்னே நடந்து பழகியவர்க்கு இது எளிதன்று. நம் பங்குப் பேரவைகளில் பொறுப்பை விட்டுக்கொடுக்க நாம் படும் பாடு நமக்குத் தெரியும்.

மற்றவர் ஜொவான்னி எர்மிலியா, இத்தாலியின் சான்ரெமோ நகரத்துத் தத்துவ ஆசிரியர். 1960-களின் இறுதியில் இங்கு வந்தவர், பூதானமாகக் கிடைத்த நிலங்கள் நீரின்றித் தரிசாய்க் கிடப்பதைக் கண்டார். நிலம் பெற்ற ஏழைக்குக் கிணறும் இல்லை, ஏரும் இல்லை. இங்கேயே தங்கி உழவு கற்பிக்க அவர் முற்படவில்லை. அதில் அவருக்குத் தெரிந்ததைவிட நம் உழவர்க்குத் தெரிந்தது மிகுதி. தம் நாட்டில் அன்பர் குழுக்களைத் திரட்டினார். கடவூர் மலையை ஒட்டிய சேவாப்பூரில் தொடங்கிய பணி ‘அசெபா’ என்னும் இயக்கமாக வளர்ந்தது. அதனை நடத்தியவர்கள் தமிழ்நாட்டுச் சர்வோதயத் தொண்டர்களே. ஒருவர் தங்கியும், மற்றவர் சென்று சென்று திரும்பியும் பணியாற்றினர். ஆகவே தங்குவதா திரும்புவதா என்பது மட்டுமே அளவுகோல் ஆகாது.

லூக்கா நற்செய்தியில் ஆண்டவர் சீடர்களை அனுப்பும் பகுதியை இந்த நோக்கில் மீண்டும் வாசிப்பது நலம். பணப்பையும் வேறு எதுவும் எடுத்துச் செல்லாமல் போகப் பணிக்கிறார். ஒரே வீட்டில் தங்கி, அவர்கள் இடுவதை உண்ணச் சொல்கிறார். அனுப்பப்படுபவர் அள்ளிக் கொடுப்பவராக அன்று, ஒருவேளைச் சோற்றுக்கும் அவ்வூரை நம்பி நிற்கும் விருந்தினராகவே வாசலில் நிற்கிறார். பார்வையற்ற பர்த்திமேயுவைக் கண்டபோதும், குறை வெளிப்படையாகத் தெரிந்தும், அவர் வேண்டுவது யாது என ஆண்டவர் கேட்டே தெரிந்துகொள்கிறார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் வெளியிட்ட, மக்களினங்களின் முன்னேற்றம் பற்றிய சுற்றுமடலும், வளர்ச்சிப் பணிக்குச் செல்வோர் எசமானராய் அல்ல, உடனுழைப்பாளராய் நடந்துகொள்ள வேண்டும் என்று கூறுகிறது. வந்தவரிடம் அன்பு உண்டா இல்லையா என்பதை மக்கள் விரைவில் அறிந்துகொள்வர் என்றும் அது எச்சரிக்கிறது.

நெடுங்காலம் நாம் பெறுபவராய் இருந்தோம். இன்று நம் குடும்பங்களிலிருந்து அருட்சகோதரிகளும் அருட்பணியாளரும் பொதுநிலையினரும் ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்கின்றனர். அங்குள்ள குழந்தைகளுடன் எடுத்த நிழற்படங்கள் நம் இதழ்களில் வெளியாகின்றன. (இந்தப் படங்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், ஒரு காலத்தில் இத்தகைய படங்களில் நடுவே நின்ற வெள்ளையரைச் சுற்றி நின்ற சிறுவர்கள் நாமே.) அனுப்புமுன் அவர்க்கு அவ்வூர் மொழியைக் கற்பிக்கிறோமா? வீரமாமுனிவர் தமிழுக்குச் சதுரகராதி தந்தது 1732-இல். அந்த உழைப்பில் நூற்றில் ஒரு பங்கையேனும் கேட்கிறோமா? அவர் திரும்பிய பின் அப்பணியைத் தொடரப்போகும் அவ்வூரார் யார் என்று வினவுகிறோமா?

கடல் கடப்பது இருக்கட்டும். நம் இளைஞர் இயக்கத்தார் சிறுமலையில் பளியர் குடியிருப்புக்கு இரண்டு நாள் முகாம் செல்கின்றனர் என்று கொள்வோம். பழைய துணிகளும் நோட்டுப் புத்தகங்களும் வண்டியில் ஏற்றப்படுகின்றன. உங்களுக்கு என்ன வேண்டும் என்று முந்தைய வாரமே மலையேறிப் போய்க் கேட்டுவர ஒருவரை அனுப்பினோமா? காட்டில் தேன் எடுக்கும் உரிமையைப் பற்றியோ, வீட்டுமனைப் பட்டாவைப் பற்றியோ அவர்கள் பேசத் தொடங்கினால், துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்க நமக்கு அந்த இரண்டு நாளில் நேரம் இருக்குமா?