லெட்ச்மோர் ஹீத்தில் ஒரு கோகுலம்

லண்டனுக்கு வடக்கே, வாட்ஃபோர்டு நகரை ஒட்டிய சிற்றூர் லெட்ச்மோர் ஹீத். அங்கே வெண்சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் ஓட நிற்கிறது, 1884-இல் டியூடர் பாணியில் எழுந்த பிகாட்ஸ் மேனர் என்னும் பழைய மாளிகை. பின்னாளில் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை அதில் செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தது. நோய்க்கு மருந்திடக் கற்றுத்தந்த வீட்டையே, பிறவிப் பிணிக்கு மருந்தானவன் தன் இருப்பிடமாக்கிக்கொண்டான்!

1973-இல் பீட்டில்ஸ் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் அந்த மாளிகையை வாங்கி, பிரபுபாதரின் கிருஷ்ண பக்தி இயக்கத்துக்கு அப்படியே அர்ப்பணித்தார். பக்திவேதாந்த மேனர் என்று பெயர் பெற்ற அந்த வீட்டில், அதே ஆண்டு கோகுலாஷ்டமியன்று ராதா கோகுலானந்தர் பிரதிஷ்டை ஆனார்கள்.

நான் அங்கே போய் நின்றது மங்கள ஆரத்தி வேளையில். வெளியே இருள் பிரியவில்லை. சங்கு முழங்கத் திரை விலகியது. நெய்த்திரியின் ஒளி திருவடியில் தொடங்கி, மெல்ல மேலேறி, குழலைப் பற்றிய விரல்களைத் தொட்டு, திருமுகத்தில் நின்றது. கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. மிருதங்கமும் கரதாளமும் வேகமெடுக்க, கைகள் தாமாக உயர்ந்தன; கண்ணீர் நின்றபாடில்லை. கண்ணா, உன்னைத் தேடி நான் வந்தேனா, என்னைத் தேடி நீ கடல் கடந்து வந்தாயா!

பொழுது விடிந்ததும் கோசாலைக்குப் போனேன். இங்கே கையால்தான் பால் கறக்கிறார்கள். பால் வற்றிய பசுவையும் உழைத்து ஓய்ந்த எருதையும் கடைசி மூச்சுவரை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஒரு பசு என் உள்ளங்கையை நக்கிய சொரசொரப்பில் உடல் சிலிர்த்தது.

இந்தத் தரிசனம் சும்மா வாய்த்ததல்ல. கூட்டமும் வண்டிகளும் ஊரின் அமைதியைக் கெடுப்பதாகச் சொல்லி, உள்ளாட்சி மன்றம் பொது வழிபாட்டைத் தடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1994-இல் பல்லாயிரம் பேர் லண்டன் வீதிகளில் திரண்டு ஊர்வலம் போனார்கள். கடைக்காரரும் தொழிலாளியும் பாட்டிமாரும் கண்ணனுக்காக நடந்தார்கள். 1996-இல் அரசு அனுமதி தந்தது. ஊருக்குள் நுழையாமல் கோயிலுக்கு வரத் தனிப் பாதையும் அமைந்தது.

ஒருவர் வீட்டைக் கொடுத்தார். பல்லாயிரவர் தங்கள் கால்நோவைக் கொடுத்தார்கள். கோகுலானந்தா, இரண்டையும் ஒரே புன்னகையோடு ஏற்றவன் நீ! உனக்கென்று கட்டி வைக்க என்னிடம் மாளிகை இல்லை. இந்த நெஞ்சு இருக்கிறது; இதிலும் குடிவந்துவிடு, என் அப்பனே!