பொத்தானில் செருகிய அட்டை

பவர் பிரஸ்ஸில் ஒருவருக்கு விரல் போனால் முதலில் எழுதப்படும் காரணம் 'தொழிலாளியின் கவனக்குறைவு'. பல நேரம் அதை முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. இரண்டு பொத்தான்களையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் அடிக்க வேண்டும். அப்போது டைக்குள் கை இருக்க வாய்ப்பில்லை. பழைய பிரஸ்களில் ஒரு பொத்தானில் அட்டையைச் செருகி, அழுத்தியபடியே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு கை தகட்டை வைக்கும், மறு கை அடிக்கும். ஒரு கணம் தாளம் தப்பினால் போதும்.

அட்டையைச் செருகியது அவர்தான். அப்படியானால் குற்றமும் அவருடையதா?

இதற்கு நம் சட்டங்களே இரு வேறு பதில்களைச் சொல்லின. பாதுகாப்புச் சாதனத்தைத் தெரிந்தே அகற்றிய தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்றது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். சாவுக்கும், பிற்காலத் திருத்தத்தில் நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும் இது பொருந்தாது. அதன் அட்டவணையில் கட்டைவிரல் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் 14. விரல் இழந்தவர் அந்தச் சலுகைக்குள் வரமாட்டார். இ.எஸ்.ஐ. சட்டமோ, உத்தரவை மீறியிருந்தாலும் முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலையில் நேர்ந்தது பணிக்காயமே என்றது.

பின்னதே நியாயம். அட்டை ஏன் செருகப்படுகிறது என்று பார்த்தால் இது விளங்கும். மணிக்கு இத்தனை பீஸ் என்ற இலக்கை, இரு பொத்தானையும் அழுத்தி வேலை செய்யும் வேகத்தை அளந்துதான் வைத்தார்களா? இல்லையென்றால், பொத்தானை முடக்கும் முடிவு ஆபீஸ் அறையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. சூப்பர்வைசர் கண்டும் காணாமல் போவது அதற்கான ஒப்புதல். இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: பொத்தான்களின் உயரம். குள்ளமான ஆபரேட்டர் தோளைத் தூக்கி ஷிஃப்ட் முழுக்க அழுத்திக்கொண்டே இருந்தால் மாலைக்குள் தோள் கழன்றுவிடும் போலிருக்கும். பிறகு அந்த வலிக்கு அவர் கண்டுபிடிக்கும் மருந்துதான் அந்த அட்டை. காவல் சாதனத்தை வாங்கியவர் அதை உடம்புக்குப் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, லேசானதல்ல. தொழிலாளி விவரம் தெரியாத பிள்ளையல்ல, ஆபத்தை அறிந்தவர். இன்சென்டிவுக்காகவும், 'எனக்குக் கை பழகிடுச்சு' என்ற மிதப்பிலும் செருகுபவர்கள் இருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் பாதுகாப்புச் சாதனத்தில் வேண்டுமென்றே கை வைப்பதைத் தடை செய்தது. அவருடைய பொறுப்பை அடியோடு மறுப்பது அவரை மதிப்பதாகாது. ஆனால் அந்தப் பொறுப்புக்குத் தண்டனை மெமோவாகவோ ஒரு நாள் சம்பளமாகவோ இருக்கலாம். ஆயுள் முழுக்க நீளும் வருமான இழப்பாக இருக்கக் கூடாது. அவர் அவசரத்தில் மிஞ்சிய நொடிகளெல்லாம் தகடுகளாகி லாரி ஏறிவிட்டன. அந்த லாபத்தில் அவருக்குப் பங்கு சொற்பம்.

இங்கே சிக்கலான ஆள் ஒருவர் இருக்கிறார்: புதிதாகச் சேர்ந்த ஒப்பந்தப் பையனுக்கு முதல் வாரமே அட்டை செருகக் கற்றுக்கொடுக்கும் சீனியர். பையன் மேல் இரக்கப்பட்டுத்தான் கற்றுக்கொடுக்கிறார், இலக்கை முடிக்காவிட்டால் வேலை போய்விடுமே என்று. அவரையும் விசாரிக்க வேண்டும்தான், அந்த இலக்கை எழுதிக்கொடுத்தவரை விசாரித்த பிறகு.