சொல்லுக்கு யார் ஜாமீன்?

எதுகை மோனை வைத்து எழுதினால் செய்யுள்காரர், அதை விட்டு எழுதினால் கவிஞர் என்று ஒரு கணக்கு நம்மிடையே ரொம்ப நாளாக ஓடுகிறது. தப்புக் கணக்கு. எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற கிழவி எதுகை இல்லாமலா பாடுகிறாள்? எழுத்தே தெரியாத அவளுக்கு மோனை தானா வந்து விழுது. அவளை எதுகைக்காரி என்று ஒதுக்க முடியுமா? சொன்ன சொல்லுக்கு யார் ஜாமீன் நிற்கிறார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

ஓசைக்குச் சொல் தேடுகிறவர்களுக்குத் தமிழில் பழைய கருவிகள் உண்டு. 16ஆம் நூற்றாண்டுச் சூடாமணி நிகண்டின் 11ஆவது தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகை வரிசையில் அடுக்குகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) நான்கு பகுதி கொண்டது. அதில் ஒன்று தொடையகராதி, எதுகைக்கென்றே செய்தது. இதைக் கேலி பண்ண வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிசையில் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது எழுத்து. அந்தச் சொற்களை வாழ்ந்த மனுசர்கள் அதில் கிடையாது.

‘பறை’யை எடுத்துக்கொள்வோம். எதுகைக்காரருக்கு வேலை சுலபம். பறை வந்தால் அடுத்த அடியில் சிறை வரும், அப்புறம் கறை வரும். கைதட்டல் நிச்சயம். தோலைத் தீயில காய்ச்சினாத்தான் அது பேசும் என்பது அதில் வராது. சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொன்ன சேரிகள் பட்ட அடி வராது. இழிவின் அடையாளம், தூக்கிப் போடு என்கிறவருக்கும், நம்ம கலை, மேடையேத்து என்கிறவருக்கும் நமக்குள்ளேயே நடக்கிற வழக்கும் வராது. கவிஞர் அந்த வழக்குக்குள் நின்று பேசுகிறவர்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனைப் புரட்டுங்கள். பறைக்குத் தோற்கருவி என்பதோடு சொல், இறகு, பறத்தல் என்றும் பொருள் இருக்கிறது. பறைதல் என்றால் பேசுதல். சாதிப் பெயரும் அங்கேதான் இருக்கிறது.

நம்மை இழிவாக எழுதிவைத்த புத்தகங்களை நாம ஏன் நேசிக்கணும் என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழ’னைப் படித்தால் ஒரு வழி கிடைக்கும். நிகண்டுகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, இழிபெயர்கள் பின்னால் சுமத்தப்பட்டவை என்று வாதாடினார் பண்டிதர். அவர் முடிவுகள் அத்தனையையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். முறையைப் பாருங்கள். அகராதியை அவர் வேதமாகக் கும்பிடவுமில்லை, குப்பையில் எறியவுமில்லை. எதிர்த்தரப்புச் சாட்சியும் குறுக்கு விசாரணையில் உண்மையைக் கக்கும். வழக்கை விட்டுக்கொடுக்காதவர் தன் காகிதக் கட்டைப் பத்திரப்படுத்துகிற மாதிரி அகராதியை நேசிக்கலாம்.

அகராதியில் தூங்குகிற சொல்லை எழுப்பவும் ஆள் வேண்டும். பனைமட்டையின் ரம்பப்பல் விளிம்புக்குக் கருக்கு என்று பேர். புதுசுக்கும் அந்தச் சொல் உண்டு. 1992இல் பாமா தன் வாழ்க்கைக்கு அதையே தலைப்பாக வைத்தார். கருக்கு அறுத்த உடம்பு அந்தச் சொல்லுக்கு ஜாமீன். அது உரைநடைப் புத்தகம்தான்; சொல்லோடு கவிஞருக்கு இருக்க வேண்டிய உறவு அதில் இருக்கிறது.

வசனத்தில் கவிதை எழுதுகிற நம்ம தோழர்களிலும் எதுகைக்காரர்கள் நிறைய. குருதி வந்தால் நெருப்பு வரும், நெருப்பு வந்தால் விடியல் வரும். எழுத்து ஒன்றாவிட்டாலும் பழக்கம் ஒன்றுகிறது. சாதிக்காரன் பயப்படாத விடியல் அது.

எழுதின வரியில் ஒரு சொல்லை உருவிவிட்டு அதே ஓசையில் வேறொன்றை வைத்துப் பாருங்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்றால் அது எதுகைதான். யாரோ ஒருத்தரோட சாட்சியம் கலைந்துபோகிறது என்றால், அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்காதீர்கள்.