யவனர் பாடமும் நாம் கேட்க வேண்டிய வினாவும்

வரலாறு என்னும் சொல்லை ‘வரல்’, ‘ஆறு’ எனப் பிரித்து, வந்த வழி என்று பொருள் கொள்வர் தமிழர். நம் நாட்டு மாணவர் பள்ளியில் பயிலும் ‘செஜாரா’ என்னும் மலாய்ச் சொல், மரம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லினின்று வந்தது. குடிவழியைக் கிளைவிட்ட மரமாகக் கண்ட மரபு அதில் உறைகின்றது. ஆங்கிலேயர் வழங்கும் ‘ஹிஸ்டரி’ என்பதோ கிரேக்கரின் ‘ஹிஸ்டோரியா’ என்னும் சொல்லின் வழிவந்தது. உசாவி அறிதல் என்பது அதன் பொருள். கி.மு. 5ஆம் நூற்றாண்டினராகிய ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்திலேயே அச்சொல்லை ஆண்டுள்ளார்.

வந்த வழியை அறிதல், குடிமரபை அறிதல், உசாவி அறிதல் ஆகிய மூன்றும் கூடியவிடத்தே வரலாற்றுக் கல்வி நிறைவுறும். நம் வகுப்பறைகளில் முன்னவை இரண்டும் ஒருவாறு வாழ்கின்றன. மூன்றாவதாகிய உசாவலே வாடிக் கிடக்கின்றது. அதனால் மதிப்பெண் குறையாது. ஆயின் மாணவரின் அறவுணர்வு குறையும். இதனை ஒரு பாடத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைக்கு அப்பால் ஒரு வகுப்பறை

பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் நகருக்கு மலைத்தொடரின் மறுபுறத்தே அமைந்தது பாலிக் புலாவ். ‘தீவின் பின்புறம்’ என்பதே அப்பெயரின் பொருள். சாதிக்காயும் கிராம்பும் டுரியானும் விளையும் ஊர் அது. அவ்வூரில் இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் சேரும் பதின்மூன்று வயதுச் சிறுவனும் சிறுமியும், 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, ‘யூனானி’ நாகரிகத்தையும் ரோமானிய நாகரிகத்தையும் வரலாற்று வகுப்பிலே கற்றனர்.

‘யூனானி’ என்று மலாய்மொழி வழங்குவதும் ‘யவனர்’ என்று நம் சங்கப் புலவர் வழங்கியதும் அயோனியா என்னும் கிரேக்கப் பகுதியின் பெயரிலிருந்தே கிளைத்தவை. ஒரு பெயர் அரபு நாட்டின் வழியாகவும், மற்றொன்று வடமொழியின் வழியாகவும் நம்மை வந்தடைந்தன. பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனர் கலங்களைத் தமிழ் வகுப்பில் அறிந்த மாணவன், அவர்தம் நாட்டையே வரலாற்று வகுப்பில் காண்கின்றான். முசிறித் துறையும் அரிக்கமேட்டு அகழாய்வும் அவன் நினைவுக்கு வருமாயின், இப்பாடம் அவனுக்கு அயலார் கதையன்று. தன் முன்னோரின் வாணிகத் தோழரைப் பற்றிய செய்தியாகும்.

அவ்வகுப்பில் அவன் கற்பவை யாவை? ஏதென்சு நகரம் மக்களாட்சியின் தொட்டில், கி.மு. 508ஆம் ஆண்டளவில் கிளைஸ்தினிஸ் அதற்கு அடித்தளமிட்டார்; பெரிக்கிளிஸ் காலத்தில் அது உச்சமுற்றது; பார்த்தினான் கோயில் எழுந்தது; சாக்ரடீஸ், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகியோர் மெய்யியலை வளர்த்தனர். இவற்றை வரிசை எண்ணிட்டு மனனம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். 2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் வரலாறு கட்டாயம் தேர்ச்சி பெற வேண்டிய பாடமாயிற்று. ஆதலின் ஆசிரியரும் மாணவரும் பட்டியலை நாடுவதில் வியப்பில்லை.

ஒரு மாணவியின் வினா

பாலிக் புலாவில் பயிலும் மாணவி ஒருத்தி இப்பாடத்தைப் படித்துவிட்டு என்னிடம் வினவினாள்: “ஐயா, அந்த மக்கள் மன்றத்தில் அடிமைகளும் கை உயர்த்தினார்களா?”

இல்லை என்பதே விடை. அடிமைக்கு அங்கே இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை, தலைமுறை தலைமுறையாக அந்நகரில் வாழ்ந்த அயலார்க்கும் இல்லை. குடியுரிமை பெற்ற ஆடவர் மட்டுமே வாக்களித்தனர். அவ்வளவு மட்டுமன்று. கி.மு. 483ஆம் ஆண்டளவில் ஏதென்சுக்கு அருகிலுள்ள லாரியம் சுரங்கத்தில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. அதனைக் குடிமக்கள் பங்கிட்டுக்கொள்ளாது கப்பற்படை அமைக்குமாறு தெமிஸ்டோக்கிளிஸ் அறிவுறுத்தினார். அப்படையே கி.மு. 480இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்று கிரேக்கரின் விடுதலையைக் காத்தது. நிலத்தினடியில் குறுகிய சுரங்கங்களிலே குனிந்து அவ்வெள்ளியை வெட்டியவரோ அடிமைகள். விடுதலைப் போருக்கான பொருள் விடுதலையற்றவரின் உழைப்பால் விளைந்தது.

வேறொரு சான்றும் உளது. ஏதென்சின் குன்றின்மேல் நிற்கும் எரெக்தியான் கோயிலைக் கட்டிய காலத்துக் கணக்குகள் கல்லிற் பொறிக்கப்பட்டு இன்றும் சிதைவுகளாகக் கிடைக்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த அக்கணக்குகளில் குடிமகனும் அயலானும் அடிமையும் ஒரே தூணில் அருகருகே உளியேந்தியமை பதிவாகியுள்ளது. மூவர்க்கும் நாளொன்றுக்கு ஒரு டிராக்மா என்னும் ஒரே கூலி. அடிமையின் பெயரும் கல்லில் உளது. ஆயின் அவன் இன்னாரைச் சேர்ந்தவன் என்னும் குறிப்பும் உடனுளது. கூலியும் பெரும்பாலும் உடையவன் கைக்கே போய்ச் சேர்ந்தது. கைத்திறன் ஒன்றே, வேலை ஒன்றே, மனிதன் மட்டும் ஒன்றல்லன் என்று அந்நகரம் கருதியது.

எனின், அம்மாணவியின் வினாவுக்குள் பெரியதோர் அறவினா அடங்கியுள்ளது. பிறரின் தளையின்மீது எழுந்த பெருமையை நாம் போற்றலாமா?

எளிய விடைகள் இரண்டு

இதற்கு எளிய விடைகள் இரண்டு உள. இரண்டும் பிழையானவை என்பது என் துணிபு.

“அக்காலம் அத்தகையது, இக்கால அளவுகோலால் அவர்களை அளத்தல் முறையன்று” என்பது முதல் விடை. கேட்பதற்கு நடுநிலைபோல் தோன்றும் இக்கூற்றை அக்காலமே மறுக்கின்றது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆல்சிடமஸ் என்னும் நாவலர், இறைவன் எல்லாரையும் விடுதலையுடையவராகவே படைத்தான் என்றும், இயற்கை எவரையும் அடிமையாக்கவில்லை என்றும் கருத்துரைத்தார். அடிமை முறை இயற்கைக்கு மாறானது, வன்முறையால் மட்டுமே நிற்பது என்று சொல்வோரும் தம் காலத்தில் இருந்தனர் என அரிஸ்டாட்டிலே தம் அரசியல் நூலில் ஒப்புகின்றார். ஒப்பிய பின்னரும் அடிமையை உயிருள்ள கருவியாகவே கண்டு, சிலர் பிறப்பிலேயே ஆளப்பட உரியவர் என்று அவர் வாதிட்டார். அவருடையதாக வழங்கும் உயிலிலோ அடிமைகள் சிலர்க்கு விடுதலை அளிக்குமாறு எழுதியுள்ளார். எனவே, அக்காலத்தார் அறியாமையால் செய்தனர் எனல் பொருந்தாது. வினா எழுந்தது, ஆற்றலுடையோர் அதனைக் கேளாது கடந்தனர் என்பதே உண்மை. காலத்தின்மேல் பழி சுமத்துவோர், அக்காலத்திலேயே எதிர்த்துப் பேசியவரின் குரலை இரண்டாம் முறையாக அடக்கியவராவர்.

“அடிமைகளை வைத்திருந்தோர் பேசிய மக்களாட்சி வெறும் பொய், அதனைக் கற்பதே வீண்” என்பது இரண்டாம் விடை. சினத்தால் எழும் இவ்விடையும் ஆராய்ச்சிக்கு நில்லாது. சட்டத்தின்முன் யாவரும் நிகர், அரசைத் தாங்குவோர் காரணம் கூறக் கடமைப்பட்டவர், பெரும்பான்மையும் தவறக்கூடும் என்னும் கருத்துகளைக்கொண்டே இன்று ஏதென்சைக் குற்றம் சாட்டுகின்றோம். இவை அந்நகரத் தெருக்களிலும் விவாதிக்கப்பட்டவை. கி.மு. 399ஆம் ஆண்டு, எழுபது வயது முதியவராகிய சாக்ரடீஸுக்கு ஐந்நூற்றுவர் அளவினரான நடுவர் மன்றம் நஞ்சுண்டு இறக்கத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு அநீதியென்று உலகுக்கு உணர்த்தியவரும் அவர்தம் மாணாக்கராகிய ஏதென்சு நகரத்தாரே. தன்னைத் தானே குற்றக் கூண்டில் ஏற்றும் வழக்கத்தை ஒரு நாகரிகம் விட்டுச் செல்லுமாயின் அது சிறிய கொடையன்று. அக்கொடையை அடிமையின் வாயில்வரை அவர்கள் கொண்டு செல்லவில்லை. கொண்டு செல்லும் பணி பின்வந்த நம்முடையது.

ஆகவே போற்றுதல் வேறு, தொழுதல் வேறு. ஒன்றைப் போற்றுவோன் அதன் குற்றத்தையும் அறிந்து போற்றுவான். தொழுவோன் குற்றத்தை மறைப்பான். மறைக்க இயலாதபோது சினந்து தூற்றுவான். மாணவனைப் போற்றக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.

அளவுகோலை நம்மை நோக்கித் திருப்புதல்

ஏதென்சை அளந்த அளவுகோலை நம்மை அளக்கவும் எடுக்க வேண்டும். எடுக்கத் தயங்குவோமாயின் நாம் கைக்கொண்டது அறமன்று, இனப்பற்றே.

1025ஆம் ஆண்டு இராசேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரத்தைத் தாக்கியது. பினாங்கிலிருந்து நெடுந்தொலைவில்லாத கெடாவே அக்கடாரம் என்பர். அதனை எண்ணி நம் மாணவர் மார்பு விம்முவது இயல்பு. ஆயின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மனிதர் கோயில்களுக்கு அடிமைகளாக விற்கப்பட்ட செய்திகளும் உள. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள வந்த முதியவர் காட்டியது ஆளோலை. பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலையால் பேரன் அடிமையாவான் என்னும் வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்டு, கையெழுத்தை ஒப்புநோக்கித் தீர்ப்பளித்தனர். அது இறைவன் அருளிய ஆடல் என்பது பத்தர் கொள்கை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆளோலை என்பது கேட்போர்க்கு விளங்கிய நடைமுறை என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. பிறப்பால் எவ்வுயிரும் நிகரே என்று வள்ளுவர் அதற்குப் பல நூற்றாண்டு முன்னரே உரைத்திருந்தார். நம்மிடத்தும் வினா எழுந்தது; நம்மவரும் அதனைக் கடந்து சென்றனர்.

இனி நம் மண்ணுக்கே வருவோம். ஜார்ஜ் டவுனில் 1818ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் தூண் வரிசையும் முக்கோண முகப்பும் உடையது. அதனைக் கட்ட உழைத்தவர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். ஏதென்சின் கோயிற் கணக்கிலாவது அடிமையின் பெயர் எஞ்சியது. இக்கைதிகளின் பெயரை அறிந்தவர் நம்முள் எத்தனை பேர்? பின்னர் 19ஆம் நூற்றாண்டில் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாகத் தமிழர் வந்தனர். கப்பற் செலவும் முன்பணமும் கடனாகி, ஒப்பந்தம் அவர்களைத் தோட்டத்தோடு கட்டியது. 1910ஆம் ஆண்டு சஞ்சிமுறை முடிவுக்கு வந்தது. கங்காணி முறை வழியாக ஆள் சேர்த்தல் 1938ஆம் ஆண்டு இந்திய அரசு விதித்த தடைவரை நீடித்தது.

இவர்கள் சட்டப்படி அடிமைகளல்லர். பிரித்தானியப் பேரரசு 1833ஆம் ஆண்டிலேயே அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியிருந்தது. ஆயினும் கடனால் கட்டுண்டு, விலகிச் செல்லும் உரிமையின்றி உழைத்தவரின் வாழ்வு எத்துணை விடுதலையுடையது? பெயரை மாற்றினால் பொருளும் மாறிவிடுமா? இதுவும் வகுப்பறையில் ஆராயத்தக்க வினாவே.

இன்றைய வினா

பாலிக் புலாவ் அமைந்த அதே தென்மேற்கு மாவட்டத்தில்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் உள்ளது. 1972ஆம் ஆண்டு தொடங்கிய அவ்வணிகப் பகுதி தீவின் செல்வத்தைப் பெருக்கியது. வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியா முதலிய நாடுகளினின்று வந்த தொழிலாளர் இன்று பினாங்கின் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கின்றனர். தரகர்க்குப் பெருந்தொகை கொடுத்து, கடனோடு கடல் கடந்தவர் அவருள் பலர். அவர்களை நம்மவருள் சிலர் எவ்வாறு விளித்துப் பேசுகின்றனர் என்பதைச் செவிமடுத்தோர் அறிவர். முன்னொருகால் நம் பாட்டனைக் குறிக்க வழங்கிய அதே இழிசொல்லின் தொனி அதில் ஒலிக்கின்றது.

சஞ்சிக்கூலியின் கொள்ளுப்பேரனே இதனைச் செய்வானாயின், அவன் கற்ற வரலாறு யாது பயன் தந்தது? தன் குடிமரத்தை அவன் அறிந்திருக்கலாம். வந்த வழியையும் சொல்லக்கூடும். உசாவ மட்டும் கற்கவில்லை. பட்ட துன்பம் தானாகவே மனிதனைப் பண்படுத்துவதில்லை. அதனை எண்ணிப் பார்த்து, இன்று அந்நிலையில் நிற்பவர் யார் என்று கேட்பவனே பண்படுகின்றான்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தை மாற்றும் ஆற்றல் நம்மிடம் இல்லை. தேர்வுக்குரிய பட்டியலும் வேண்டியதே. அப்பட்டியலைக் கற்பித்த பின், ஐந்து நிமிடம் ஒதுக்கி மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதுக. இதனைக் கட்டியவர் யார்? முடிவெடுத்த அவையில் அவர்க்கு இடமிருந்ததா? இது தவறென்று அக்காலத்தில் சொன்னவர் உண்டா? ஏதென்சாயினும் தஞ்சையாயினும் ஜார்ஜ் டவுனாயினும் இம்மூன்றும் பொருந்தும்.

மாணவமணிகளே, விடை உடனே கிட்டாவிடினும் வருந்தற்க. மக்கள் மன்றத்தில் அடிமைகளும் கை உயர்த்தினார்களா என்று கேட்ட அந்த மாணவி, பாடநூலில் இல்லாத ஒன்றைக் கேட்டாள். அக்கேள்வியைப் பள்ளி வாயிலோடு விட்டுவிடாமல், சாலையோரத்தில் வெயிலில் நிற்கும் அயல்நாட்டுத் தொழிலாளியிடம் அவன் பெயரைக் கேட்கும் அளவுக்கு நீங்கள் கொண்டு செல்வீர்களாயின், ஹிஸ்டோரியா என்னும் சொல்லின் பொருளைத் தேர்வுத்தாளுக்கு வெளியேயும் அறிந்தவராவீர்கள்.