தாளில்லாத சீட்டு

திருவனந்தபுரத்து ஆரியசாலையில் பிறந்து வளர்ந்தவனுக்குப் பொருளின் மெய்ம்மையைப் பற்றி ஐயம் எழுவதற்கு இடமே இல்லை. திருவிதாங்கூர் மன்னர் தருமராஜா காலத்தில் திவான் ராஜா கேசவதாசர் வகுத்து உருவாக்கிய சாலைக் கடைத்தெரு எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே மிளகாய் வற்றலின் நெடி மூக்கில் ஏறுகிறது, வெல்லம் விரலில் ஒட்டுகிறது, பித்தளைக் குடம் தட்டினால் ஒலிக்கிறது. தராசில் ஏறாத பண்டத்திற்கு அத்தெருவில் விலையும் கிடையாது, வழக்கும் கிடையாது. அந்தக் கடைத்தெருவிலேயே கடை வைத்துக்கொண்டு, அதன் மனிதர்களையே தமிழில் கதைகளாக்கிய ஆ. மாதவனைப் படித்தவர்களுக்கு அவ்வுலகம் எத்துணைத் திண்மையானது என்பது தெரியும். அத்தகைய தெருவின் ஓரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட என்னை, தொடவும் நிறுக்கவும் முகரவும் இயலாத ஒரு பண்டம் சென்ற நவராத்திரியின்போது நிறுத்திக் கேள்வி கேட்டது.

அக்காளின் பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், கூடத்து ஊஞ்சலில் அமர்ந்து தன் தாயின் கைபேசியில் ஹார்த்ஸ்டோன் என்னும் சீட்டாட்டத்தை ஆடிக்கொண்டிருந்தான். பாக்கெட் ஒன்றை அவன் விரலால் இழுத்து வைத்தவுடன் அது வெடித்து, ஐந்து சீட்டுகள் முதுகு காட்டி வட்டமாக நின்றன. அவற்றுள் ஒன்றன் விளிம்பில் மட்டும் செம்மஞ்சள் ஒளி கசிந்தது. அதை அவன் உடனே தொடவில்லை. மற்ற நான்கையும் திருப்பி முடித்து, மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டு, கடைசியாகத்தான் அதைத் திருப்பினான். அரிதிலும் அரிதான வகைச் சீட்டு. ஆயினும் அவனுக்கு வேண்டிய சீட்டு அன்று.

“இதை உடைச்சிரலாம் தாத்தா, 400 தூள் கிடைக்கும்” என்றான்.

“உனக்கு வேண்டிய சீட்டை உண்டாக்க எவ்வளவு தூள் வேணும்?”

“1600.”

பழைய நகையைக் கொடுத்துப் புது நகை எடுக்கையில் செய்கூலியும் சேதாரமும் கொடுத்துப் பழகிய ஊர் எங்களுடையது; ஆனால் நாலில் மூன்று பங்கைச் சேதாரமாகக் கழிக்கும் தட்டானை நான் கேள்விப்பட்டதில்லை. சாதாரணச் சீட்டாயின் நஷ்டம் இன்னும் பெரிது. உண்டாக்க 40 தூள், உடைத்தால் 5. வேண்டாத சீட்டை வேண்டுகிற சிநேகிதனுக்கு விற்றுவிடலாமே என்று கேட்டேன். அந்த ஆட்டத்தில் ஒருவருடைய சீட்டை மற்றொருவருக்கு விற்கவோ கொடுக்கவோ வழி இல்லையாம். வாங்குவதும் கம்பெனியிடம், உடைத்துக் கொடுப்பதும் கம்பெனியிடம். அந்தச் சீட்டு ஒளித்துகளாகச் சிதறி மறைவதைப் பார்த்துக்கொண்டே சிறுவன் கேட்டான்: “இது என்னோட கார்டுதானே தாத்தா?”

விடை எளிதென்று நினைத்து வாய் திறந்தவன், சொல் வராமல் நிறுத்திக்கொண்டேன். அவன் வயதில் நானும் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தவன். புலிப் படம் ஒன்றுக்குக் கப்பல் படம் மூன்று என்று எங்களுக்குள் ஒரு நாணயமாற்று இருந்தது. ஏதேனும் ஒரு படம் கடைகள்தோறும் மலிந்துவிட்டால் அதன் மதிப்பு ஒரே வாரத்தில் விழுந்துவிடும். அருமையும் விருப்பமும் கூடுமிடத்தில் விலை பிறக்கிறது என்னும் பொருளியல் பாடத்தை எங்களுக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. ஆயினும் அந்தப் படம் என் சட்டைப் பையில் இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலை மூடப்பட்டிருந்தாலும் அது என் பையைவிட்டு மறைந்திருக்காது. சிறுவனுடைய சீட்டோ, எங்கோ ஒரு தூரதேசத்தில் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் நினைவில் மட்டும் இருக்கிறது. அதை நடத்துவோர் நினைவை அழித்தால் சீட்டும் அழியும்.

இவ்வியாபாரம் நடந்துவந்த வழியைச் சிறிது நோக்கினால் சிறுவனுடைய கேள்வியின் ஆழம் புலப்படும். 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதப் பேராசிரியர் வடிவமைத்து வெளிவந்த மேஜிக் என்னும் சீட்டாட்டம் தாளில் அச்சிட்ட சீட்டுகளைக் கொண்டது. 2002-ல் அது கணினிக்குள் புகுந்தபோது, ஆட்டப் போட்டிகளில் நுழைவதற்காக ஒரு டாலருக்கு விற்கப்பட்ட டிக்கெட்டுகளையே ஆடுவோர் தமக்குள் நாணயமாக்கிக்கொண்டனர். ஓயாமல் வாங்கி விற்கும் தானியங்கி நிரல்கள், கடைத்தெருத் தரகர்களைப்போல, நடுவில் நின்று சிறு லாபம் பார்த்தன. தொகுப்பு முழுவதையும் கணினியில் சேர்த்துவிட்டவர், கட்டணம் செலுத்தி அதைத் தாளில் அச்சிட்ட தொகுப்பாகப் பெற்றுக்கொள்ளலாம் என்னும் உறுதியையும் பல தொகுப்புகளுக்கு அவ்வாட்டத்தை நடத்திய நிறுவனம் அளித்தது. கேட்டவருக்கு வெள்ளி தருவோம் என்று வாக்களித்த பழைய காகித நோட்டைப் போன்ற ஏற்பாடு அது. அவ்வாட்டத்தின் சீட்டுச் சந்தைக்கென்று பதிவு செய்யப்பட்ட இணையப் பெயர்தான் பின்னாளில் பிட்காயின் சந்தையான மவுண்ட் காக்ஸ் ஆகி, 2014-ல் திவாலாகி உலகத்தைத் திடுக்கிடச் செய்தது என்பதை எண்ணினால், சிறுவர் விளையாட்டுக்கும் பெரியோர் செல்வத்துக்கும் இடையிலுள்ள சுவர் எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

அதே கார்ஃபீல்ட் வடிவமைத்து, வால்வ் நிறுவனம் 2018 நவம்பரில் வெளியிட்ட ஆர்டிஃபேக்ட் என்னும் ஆட்டத்தின் கதை இன்னும் கூர்மையானது. அதில் சீட்டுகளை ஒருவருக்கொருவர் காசுக்கு விற்கலாம்; தொடக்க நாட்களில் ‘ஆக்ஸ்’ என்னும் ஒற்றைச் சீட்டு, ஆட்டத்தின் விலையாகிய 20 டாலருக்கு நிகராக விலைபோயிற்று. சில மாதங்களுக்குள் ஆடுவோர் அருகினர். சீட்டுகளின் விலை சரிந்தது. 2021 மார்ச் மாதத்தில் அந்நிறுவனம் ஆட்டத்தை மேற்கொண்டு வளர்ப்பதைக் கைவிட்டு, எல்லாச் சீட்டுகளையும் எல்லோருக்கும் விலையின்றித் திறந்துவிட்டது. நேற்று வரை செல்வமாக இருந்தது இன்று காற்றைப்போலப் பொதுவாயிற்று.

இது மாயை, இதில் மதிப்பென்று ஒன்றும் இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் மாயை என்னும் சொல்லை நம் ஆசாரியர்கள் அவ்வளவு அலட்சியமாக வழங்கவில்லை. அத்வைத சம்பிரதாயத்தில் உண்மைக்கு மூன்று படிகள் சொல்லப்படுகின்றன: சிப்பியில் தோன்றும் வெள்ளியைப்போல ஒருவனுடைய மயக்கத்தில் மட்டும் உள்ளது பிராதிபாசிகம், எல்லோரும் சேர்ந்து கொண்டும் கொடுத்தும் வாழ்கிற இவ்வுலகம் வியாவகாரிகம், என்றும் மாறாதது பாரமார்த்திகம். சிறுவனுடைய சீட்டு இவற்றில் எந்தப் படியைச் சேர்ந்தது? பல்லாயிரம் பேர் அதை ஒரே சீட்டாகக் கண்டு, ஒரே விதியால் ஆடி, அதற்காகப் பணமும் கொடுக்கிறார்களாதலின், அது தனி ஒருவனுடைய மயக்கமாகாது. வியவகாரத்தில் அதற்கு இடமுண்டு. இந்திய அரசாங்கமும் அவ்வாறே கருதுகிறதென்று சொல்லவேண்டும். மெய்ந்நிகர்ச் சொத்து என்று தான் வரையறுத்தவற்றை விற்றுவரும் ஆதாயத்தில் 30 சதவீதத்தை 2022 ஏப்ரல் 1 முதல் வரியாகக் கேட்கிறது. இல்லாத பொருளுக்கு வரி விதிப்பார் இலர்.

திருவிதாங்கூர் வாசிகளுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்பது எங்கள் முன்னோரின் வாய்ப்பாடு. பழைய வெள்ளிச் சக்கரம் சிறு விதையளவே இருந்ததால், விரலால் எண்ணி மாளாது. சிறு சிறு குழிகள் வரிசையாகத் தோண்டிய மரப்பலகையின்மேல் நாணயங்களைக் கொட்டி, பலகையை மெல்ல அசைத்து, குழிக்கொன்றாக நிரம்பியதும் மிகுதியைத் தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது. இன்று அந்தப் பலகை பழம்பொருள். 1949-க்குப் பின் சக்கரம் தனி நாணயமாக நிலைக்கவில்லை. அரசின் வாக்கு நீங்கியது. உலோகம் மட்டும் உள்ளங்கையில் எஞ்சிற்று. சிப்பியில் தோன்றிய வெள்ளி மறைந்தபின் சிப்பியாவது எஞ்சும் என்பதே அந்தத் திருஷ்டாந்தத்தின் உயிர். தோற்றம் நீங்கினாலும் ஆதாரம் நீங்காது. அவ்வாறாயின், விலை என்னும் தோற்றம் நீங்கியபின் தாளில்லாத சீட்டில் எஞ்சும் ஆதாரம் யாது?

ஆர்டிஃபேக்டின் முடிவு இதற்கு ஒரு விடை தருவதாகவே எனக்குத் தோன்றுகிறது. விலை போயிற்று; ஆட்டம் எஞ்சிற்று. இலவசமான அந்தச் சீட்டுகளைக்கொண்டு ஒருவன் மற்றொருவனோடு முன்போலவே ஆடலாம், சிந்திக்கலாம், தோற்கலாம், சிரிக்கலாம். சீட்டின் ஆதாரம் விளையாட்டு. எல்லாம் நிறைந்த பரம்பொருள் எதை வேண்டி உலகைப் படைத்தது என்ற வினாவுக்கு, வேண்டுதல் ஒன்றுமில்லை, லீலையே காரணம் என்று பிரம்ம சூத்திரம் விடை பகர்ந்தது. பயனை எதிர்நோக்காத செயலுக்கு அப்பெயரே உயர்ந்த பெயர். குழந்தையின் ஆட்டத்தில் அந்த லீலையின் சாயல் இருக்கிறது. அதன்மேல் கிரயத்தை ஏற்றி, அரிய சீட்டு வருமோ வராதோ என்னும் பதைப்பையே பாக்கெட்டாகக் கட்டி விற்கும்போது, ஆதாரமாகிய விளையாட்டை மறைத்துத் தோற்றமாகிய வெள்ளி மட்டும் பளபளக்கிறது. இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டி விற்பனைகளை 2018-ல் பெல்ஜிய நாட்டின் அதிகாரிகள் சூதென்றே கருதித் தடுத்தபோது, அவர்கள் காத்தது பணத்தை மட்டுமன்று, பிள்ளைகளின் விளையாட்டையும் சேர்த்துத்தான்.

சைவ சித்தாந்திகள் இவ்விடத்தில் இன்னும் ஓர் அடி நம்மை முன்னே நடத்துவர். அவர்கள் கொள்கையில் மாயை பொய்யன்று. தனு, கரணம், புவனம், போகம் ஆகியவற்றை உயிருக்குத் தரும் உள்பொருள் அது. உயிரைக் கட்டுவதில் முதன்மையானது ‘யான், எனது’ என்னும் செருக்குக்கு வேராகிய ஆணவம். இவ்வாறு நோக்கினால், சீட்டு உள்ளதா இல்லதா என்னும் ஆராய்ச்சி பின்னுக்குப் போய், அது யாருடையது என்ற சிறுவனின் வினாவே முன்னே வந்து நிற்கிறது.

நம் நாட்டு நீதிமன்றமும் இவ்வினாவை வேறொரு கோலத்தில் சந்தித்திருக்கிறது. கிரிக்கெட் வீரர்களின் மெய்ந்நிகர்ச் சீட்டுகளை உரிமம் பெற்று விற்றுவந்த ரேரியோ நிறுவனம், தன் உரிமத்துக்கு உட்பட்ட வீரர்களின் பெயரையும் உருவத்தையும் காட்டும் சீட்டுகளை ஸ்டிரைக்கர் என்னும் மற்றோர் ஆட்டம் வெளியிடலாகாதென்று தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. வீரர்களைப் பற்றிப் பொதுவில் கிடைக்கும் செய்திகள் எவருடைய தனியுடைமையும் ஆகா என்று 2023 ஏப்ரலில் நீதிபதி அமித் பன்சல் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். வேதாந்திகள் நாமரூபம் என்று வழங்கும் இரண்டையும் ஒருவர் வேலி கட்டித் தமதாக்கிக்கொள்ள முடியுமா என்பதுதான் அவ்வழக்கின் உள்ளீடு. வாங்குகிறவனுக்கு முழு உரிமை இல்லை, விற்கிறவனுக்கும் இல்லை. இருவர் கையிலும் இருப்பது ஒருவர்மேல் ஒருவர் வைத்த விசுவாசமே.

இங்கே எனக்குத் துணையாக வருவது, எங்கள் தெருவிலிருந்து சிறிது நடந்தால் அடையக்கூடிய பத்மநாபசுவாமி கோயில். வாளால் நாடுகளைச் சேர்த்த மார்த்தாண்ட வர்மா, 1750-ல் அந்த இராஜ்யம் முழுவதையும் பத்மநாபனுக்கே அர்ப்பணம் செய்து, சந்நிதியில் வைத்த வாளைப் பத்மநாபதாசனாக மீண்டும் எடுத்துக்கொண்டார். திருப்படிதானம் என்று அதைச் சொல்கிறோம். அன்றைக்கு முந்திய நாளும் பிந்திய நாளும் அதே மன்னர், அதே கோட்டை, அதே வரி; மாறியது ‘எனது’ என்னும் ஒற்றைச் சொல். அரசியல் நோக்கங்களும் அதனுள் கலந்திருந்தன என்று சரித்திரகாரர் கூறுவர். அதனால் அச்செயலில் பொதிந்த தத்துவத்தின் ஒளி குன்றுவதாக நான் எண்ணவில்லை. உடையவன் என்று ஒருவன் தன்னைச் சொல்லிக்கொள்ளும்போது அவனுக்கு உரிமைகள் பிறக்கின்றன. தாசன் என்று சொல்லிக்கொள்ளும்போது கடமைகள் பிறக்கின்றன.

தாளில்லாத சீட்டின் உலகத்துக்கு வேண்டிய தருமம் இதுவே என்பது என் துணிபு. சீட்டின் மதிப்பு தன் வாக்கின்மேல் நிற்கிறதென்பதை உணர்ந்த நிறுவனம், அதைத் தன் பண்டமாகக் கருதாமல் பிறர் தன்னிடம் ஒப்புவித்த அடைக்கலப் பொருளாகக் கருதவேண்டும். எத்தனை பாக்கெட்டுக்கு ஓர் அரிய சீட்டு என்பதைக் குழந்தைக்கும் புரியும்படி சொல்லவேண்டும். விலக நேர்ந்தால் முன்னறிவித்து, ஆட்டத்தையாவது விட்டுச் செல்லவேண்டும். வாங்குகிறவனும், தான் கொடுத்த காசு ஆட்டத்தின் ஆனந்தத்துக்கான காணிக்கை என்று கொள்ளவேண்டுமேயன்றி, பெட்டியில் பூட்டிய பவுன் என்று கொள்ளலாகாது. தாளில்லாத சீட்டுக்கு இவ்விதி தனியாகப் பொருந்துவதுமன்று. பவுனுக்கும் வீட்டுக்கும் உடம்புக்கும் பொருந்துகிற விதியைச் சீட்டு சற்று விரைவாகக் காட்டிவிடுகிறது, அவ்வளவே.

அன்று மாலை சிறுவனை அழைத்துக்கொண்டு ஆரியசாலை தேவி கோயிலுக்குப் போனேன். ஆண்டுதோறும் நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு வரும் ஊர்வலத்தில், சரஸ்வதி தேவி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலிலும் எழுந்தருள, வேளிமலைக் குமாரசுவாமி எங்கள் தெருவுக்கு விருந்தாக வந்து இக்கோயிலில் தங்குகிறான். தீபாராதனை முடிந்து விபூதி இட்டுக்கொண்டபின், “இந்தச் சாமியை எப்போ திருப்பிக் கூட்டிட்டுப் போவாங்க?” என்று சிறுவன் கேட்டான். விஜயதசமியன்று வெள்ளிக் குதிரையில் பூஜப்புரைக்கு எழுந்தருளிய பிறகு, வந்த வழியே வேளிமலைக்குத் திரும்புவான் என்றேன். “அது வரைக்கும் நம்ம சாமிதானே?” என்றான்.

“அது வரைக்கும் நம்ம பொறுப்பு” என்றேன். காலையில் ஊஞ்சலில் அவன் கேட்ட கேள்விக்கும் அதுதான் நான் தேடிக்கொண்டிருந்த விடையென்பது, சொல்லி முடித்த பிறகே எனக்கு விளங்கிற்று.